பழுது பார்த்தே வாழ்ந்த வண்டிக்கு மரபு இல்லையா?

மலைத்தோட்டத் தமிழரின் தொழிற்சொற்களைத் திரட்டும் ஆய்வுக்காக இரண்டு ஆண்டுகளாகத் தேவிகுளம் வட்டத்தில் அலைந்துகொண்டிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை, லயம், கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஆகியவற்றோடு என் பயணக் குறிப்புகளில் அடிக்கடி இடம்பெறும் இடம் ஒன்று உண்டு. தேவிகுளத்திலிருந்து மூணாறுக்கு இறங்கும் சாலையோரம் தகரக் கூரை வேய்ந்து நிற்கும் பழைய ஜீப் பட்டறை அது. அதை நடத்துபவரை ஊரில் அனைவரும் ‘மேஸ்திரி’ என்றே அழைப்பர். பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டமையால் நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜீப்புகளின் அடியில் படுத்து வேலை செய்தவர். தொடக்கத்தில் சொற்களுக்காகவே அவரிடம் சென்றேன். பின்னர் அவரது வேலையைப் பார்ப்பதற்காகவும் செல்லலானேன்.

சென்ற மாதம் அங்கே கண்ட ஒரு நிகழ்ச்சி என்னை விட்டு நீங்கவில்லை. அதனை முன்னிட்டு, நம் நாட்டின் பழைய வாகனச் சட்டம் குறித்து எனக்குள்ள ஒரு கருத்தையும் எழுதிவிட விரும்புகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

பழைய வாகனங்களைச் சேகரிக்கும் ஒருவர், சமவெளிக்காரர், இங்குள்ள தோட்டத்து ஓட்டுநர் ஒருவரின் குடும்பத்திடமிருந்து ஒரு ஜீப்பை வாங்கியிருந்தார். 1960களின் இறுதியில் முதன்முறையாகப் பதிவு செய்யப்பட்ட சிஜே-3பி வகை வண்டி. வாங்கியவரின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்த வேண்டும். பின்புறம் பற்றவைத்திருந்த கூடுதல் படியை அறுத்தெடுக்க வேண்டும். கூரைமேல் இருந்த கேரியர் போக வேண்டும். ஒட்டுப்போட்ட தகரங்களை நீக்கிப் புதுத் தகடு வைக்க வேண்டும். ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிறத்தையே பூச வேண்டும். எல்லாம் ‘ஒரிஜினல்’ ஆகிவிட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

வேலை நான்கு மாதம் நடந்தது. பெட்ரோல் எஞ்சின் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடி எடுக்கப்பட்டது. அது எந்த ஊரில், எந்த வண்டியில் ஓடியதென்று எவருக்கும் தெரியாது. முன்மூடி புதிதாக அடித்து வாங்கப்பட்டது. முடிந்தபோது வண்டி உண்மையிலேயே அழகாக இருந்தது. வாங்கியவர் பேரம் பேசாமல் கூலி கொடுத்தார். மேஸ்திரியிடம் மரியாதையோடு நடந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

வண்டியை எடுத்துச் செல்வதற்கு முதல் நாள், அதனை முப்பது ஆண்டுகள் ஓட்டிய பெரியவர் பார்க்க வந்தார். ஒருமுறை சுற்றி வந்தார். பின்புறம், படி இருந்த இடத்தில், கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார்.

“நல்லா இருக்கு மேஸ்திரி. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஆனா நான் ஓட்டுன வண்டியில மிச்சம் இருக்குறது ஸ்டீயரிங் மட்டும்தான் போல.”

மேஸ்திரி மறுமொழி சொல்லவில்லை. பனியன் வேஸ்ட்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் பேசாதிருந்ததன் காரணம் பிறகே எனக்கு விளங்கியது. அறுத்தெறியச் சொன்ன ஒவ்வொன்றும் அவரே செய்தது. பின்படியைப் பற்றவைத்தது அவர்தான். கொழுந்துக் கூடையோடு ஏறும் பெண்களுக்கு ஜீப்பின் பின்பக்கம் உயரமாக இருந்தது என்பதால். டீசல் எஞ்சினைப் பொருத்தியதும் அவரே. பெட்ரோல் செலவைத் தாங்க முடியாமல் ஓட்டுநர் வண்டியை விற்கவிருந்த காலம் அது. அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி பதியப்பட்டும் இருந்தது. இடப்பக்கத் தகரத்தில் இருந்த பெரிய ஒட்டு, ஒரு மழைக்காலத்தில் மண்சரிவில் வண்டி மாட்டிக்கொண்டதன் அடையாளம். கேரியரில் உரமூட்டை ஏறியது. தீபாவளிக்குப் போடியிலிருந்து வாங்கிய சாமான் ஏறியது. இருமுறை சவப்பெட்டியும் ஏறியதாம். தம் கையால் செய்த நாற்பதாண்டு வேலையை அவர் தம் கையாலேயே, கூலி வாங்கிக்கொண்டு, அழித்திருந்தார்.

இதில் ஒரு தனிமனிதரின் ரசனை மட்டும் செயல்படவில்லை. ஒரு சட்டமும் செயல்படுகிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழமைச்சிறப்புடைய வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறையை அறிமுகப்படுத்தியது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இதில் அடங்கும். அவை மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லுபடியாகும். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘விஏ’ என்னும் எழுத்துகள் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கு அந்த வண்டியைப் பயன்படுத்தலாகாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய வாகனப் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலைக்குக் கொண்டுவரலாம்.

அதற்கு முன்பு பழைய வாகனங்களுக்கென நாடு முழுமைக்கும் பொதுவான விதி எதுவும் இருக்கவில்லை. அவ்வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவ்விதியின் உள்ளடக்கத்தை நோக்குங்கள். பழமைச்சிறப்பு என்னும் தகுதியைப் பெற ஒரு வண்டி இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்: அது மாறாமல் இருந்திருக்க வேண்டும், இனி உழைக்காமல் இருக்க வேண்டும். மழைநாளில் வெளியே எடுக்கப்படாமல், நிழலில் நின்ற வண்டிக்கு இவ்விரண்டும் எளிது. தேவிகுளத்தில் அப்படி நின்ற ஜீப் எதையும் நான் கண்டதில்லை.

மறுபுறம், உழைத்துக்கொண்டே முதுமையடைந்த வண்டிக்குச் சட்டம் என்ன தருகிறது? 15 ஆண்டுகள் கடந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான அந்தக் கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கையின் நோக்கமே அத்தகைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றுவதுதான். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு நிறைந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதே இல்லை. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, உற்பத்தியாளர் வகுத்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கலாகாது என்பதை வலியுறுத்தியது.

ஆக, ஒரே ஆண்டில் ஒரே ஆலையிலிருந்து வந்த இரு ஜீப்புகளில், நின்ற வண்டி ‘மரபு’ ஆகிறது. ஓடிய வண்டி ‘கழிவு’ ஆகிறது. ஓடிய வண்டி மரபு ஆக வேண்டுமானால் ஓடிய தடயங்களையெல்லாம் அழித்துக்கொள்ள வேண்டும். உக்கடத்திலிருந்து வந்த எஞ்சினும், புதிதாக அடித்த முன்மூடியும், சென்ற மாதம் பூசிய வண்ணமும் சேர்ந்து ‘மூல வடிவம்’ என்னும் பெயரைப் பெறுகின்றன. அந்த ஜீப்பில் இப்போது மிகப் புதியதாக இருப்பது அதன் பழமைத் தோற்றம்தான்.

இம்மலைக்கும் ஜீப்புக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டால் இது ஏன் அநீதி என்பது புலப்படும். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1908 முதல் குறுகிய இருப்புப்பாதை ஒன்று ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே தேயிலை கீழே கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 ஜூலை வெள்ளத்தில் அந்த இருப்புப்பாதை அழிந்தது. மீண்டும் அமைக்கப்படவே இல்லை. அதன்பின் இம்மலையின் போக்குவரத்து சாலையை நம்பியே ஆனது. சாலை முடியும் இடத்துக்கு அப்பாலும் மக்கள் வாழ்ந்தனர். அங்கே செல்லக்கூடிய வண்டியாக, நாடு விடுதலை பெற்ற பிறகு, ஜீப் வந்து சேர்ந்தது.

1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லீஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது. வில்லீஸ் 1953இல் வெளியிட்ட சிஜே-3பி வகையே நம் ஊர்களில் நாம் அறிந்த உயர்ந்த மூக்குடைய ஜீப். அம்மூக்கு உயர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அதன் ‘ஹரிக்கேன்’ எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே புகும் வால்வு தலைப்பகுதிக்கு ஏற்றப்பட்டது, அதனால் எஞ்சின் உயரமாயிற்று, மூடியும் உயர்ந்தது. அமெரிக்காவில் இவ்வகை 1968இல் நின்றுபோனது. இந்தியாவில் அதன் வழிவந்த வண்டிகள் பியூஜோ தொழில்நுட்ப டீசல் எஞ்சினோடு, எம்.எம். 540 முதலிய பெயர்களில், மேலும் பல பத்தாண்டுகள் உருவாயின. தாய்நாட்டில் மறைந்த வடிவம் இங்கே நீண்டகாலம் வாழ்ந்ததற்கு ஆலைகள் ஒரு காரணம். பட்டறைகள் இன்னொரு காரணம்.

இன்றும் இம்மலையில் ஜீப் காட்சிப்பொருள் ஆகிவிடவில்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி ஏறும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அக்கற்பாதையில் ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறுவது அரிது. 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடிக்குச் செல்வோர் நெடுங்காலம் நம்பியிருந்ததும் ஜீப்பையே. போடிப் பக்கத்துக் கூலித் தொழிலாளர் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஏறி வருவதும், இருட்டியபின் திரும்புவதும் ஜீப்பில்தான். லயத்தில் பேறுவலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற கதையைச் சொல்லாத முதிய ஓட்டுநர் ஒருவரையும் நான் இங்கு சந்தித்ததில்லை.

அவ்வண்டிகளை ஓடவைக்கும் அறிவு எத்தகையது என்பதற்குப் பட்டறையில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒருநாள் கோவைப் பதிவெண் கொண்ட ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் உருவான பழைய கார். உரிமையாளர் அதனைக் குழந்தைபோல் வைத்திருந்தார். சமவெளியில் பிசிறில்லாமல் ஓடிய வண்டி மலையேறியதும் கறும்புகை கக்கி இருமத் தொடங்கியிருந்தது. வழியில் இருவர் பார்த்துவிட்டு எஞ்சினையே பிரிக்க வேண்டுமென்று அச்சுறுத்தியிருந்தனர். மேஸ்திரி முன்மூடியைத் திறந்து, கார்பரேட்டரில் ஒரு திருகைச் சற்றே திருப்பினார், மீண்டும் கேட்டார், இன்னும் சற்றுத் திருப்பினார். பத்து நிமிடத்தில் புகை நின்றது.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. மூச்சு முட்டுது. கீழ குடிச்ச அளவுக்கே இங்கயும் பெட்ரோல் ஊத்துனா எப்படி? காத்து வேணும்ல.”

ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலுள்ள தேவிகுளத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்களவு குறைவு. பெட்ரோலின் அளவு குறையாமல் காற்று மட்டும் குறைந்தால் கலவை கெட்டிப்படும். எரியாமல் எஞ்சுவது கரியாக வெளியேறும். இயற்பியல் நூல் சொல்வதையே அவர் மூச்சுமுட்டல் என்றார். இறங்கும்போது மறவாமல் அத்திருகைப் பழைய நிலைக்குத் திருப்பிவைக்க வேண்டுமென்று சொல்லி, எத்தனை சுற்று என்பதைச் சிகரெட் அட்டையின் உட்புறத்தில் எழுதியும் கொடுத்தார்.

இன்னொரு நாள் தேய்ந்துபோன ஒரு தண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதியது கிடைக்காது, சென்னைப் புதுப்பேட்டையில் சொல்லிவைத்தும் பயனில்லை, லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும். ஆனால் எந்த அளவில் கடைவது? தேய்ந்த பொருளை அளந்தால் தேய்மானத்தின் அளவுதான் கிடைக்கும். அவர் தண்டின் ஓரத்தில், ஆயில் சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே விரலகலமுள்ள ஒரு பகுதியைக் காட்டினார். அங்கே எதுவும் உரசியதில்லை. ஆலையில் கடைந்த நாளின் அளவு அவ்விடத்தில் அப்படியே இருந்தது. ஆலையின் வரைபடத்தை அவர் கண்டதே இல்லை. பொருளிலேயே தேயாமல் மறைந்திருக்கும் ஒரு விரலகல இடத்திலிருந்து முழு வடிவத்தையும் மீட்டார். சிதைந்த ஓலைச்சுவடியில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு பாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

மூன்றாவது, பிரேக். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவதைவிட இறங்குவதே அங்கு ஆபத்து. பழைய ஜீப்பின் டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். புதிதாக வரும் ஓட்டுநர்களிடம் மேஸ்திரி சொல்லும் விதி ஒன்றே: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. லைனிங் மாற்ற வரும் வண்டியின் டிரம்மைக் கையால் தடவியே அவ்வோட்டுநர் எப்படி இறங்குகிறார் என்று சொல்லிவிடுவார். நீலம் பாய்ந்த டிரம்மைக் கண்டால் வண்டியைச் சரிசெய்து கொடுப்பதோடு நில்லாமல் ஓட்டுநரையும் வைது அனுப்புவார். ஒருமுறை அப்படி வசவு வாங்கிய இளைஞர், மறுவாரம் தம் தம்பியை வேலை பழக அழைத்து வந்தார்.

இவ்வறிவு எங்கும் எழுதப்படவில்லை. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்தப் பேரிங் கத்துகிறதென்று கண்டுபிடிப்பதைப் பையன்கள் பார்த்துத்தான் கற்கின்றனர். அப்படிக் கற்க இப்போது பட்டறையில் இருப்பவர் ஒருவரே. மேஸ்திரியின் மகன் திருப்பூருக்குச் சென்றுவிட்டார். தந்தைக்கு அதில் வருத்தமில்லை. “கை கறுப்பாகாத வேலை கிடைச்சா நல்லதுதானே” என்கிறார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய ஜீப்பில் இருக்கைப் பட்டை இல்லை, காற்றுப்பை இல்லை, புகையோ இன்றைய அளவுகோல்களுக்குள் அடங்காது. இம்மாவட்டத்தில் ஜீப் கவிழ்ந்து தொழிலாளரும் சுற்றுலாப் பயணிகளும் மாண்ட செய்திகள் புதியவை அல்ல. ஆறு பேர் அமர வேண்டிய இடத்தில் பதினைந்து பேரை அடைத்துச் செல்வதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறை அப்படி அடைபட்டும் பயணம் செய்திருக்கிறேன். அதற்கு மரபு என்னும் போர்வையைப் போர்த்துவது குற்றம். பெண் தொழிலாளர் பாதுகாப்பான பேருந்தில் வேலைக்குச் செல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுடைய இடர்ப்பாட்டை அழகியலாக்க நான் வரவில்லை.

ஆயினும், இம்மறுப்பு வண்டியின் நிலைமையைப் பற்றியது. சட்டமோ வண்டியின் வயதையும் தோற்றத்தையும் அளக்கிறது. பிரேக் பிடிக்காத பத்தாண்டு வண்டியைவிட, லைனிங் மாற்றி, பட்டை மாற்றி, ஆண்டுதோறும் எஃப்.சி. பெறும் ஐம்பதாண்டு ஜீப் ஆபத்தானதன்று. பாதுகாப்பே நோக்கமெனில் சோதனையைக் கடுமையாக்குங்கள். ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையைக் கண்காணியுங்கள். தேறாதவற்றை நிறுத்துங்கள், மேஸ்திரியே முதலில் கைதட்டுவார். தம்மிடம் வந்த ஒரு ஜீப்பின் சேசிஸில் விரிசல் கண்டு, பற்றவைத்துத் தர மறுத்து, உரிமையாளரோடு சண்டையிட்டு அனுப்பியவர் அவர்.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகின என்பதும் நோக்கத்தக்கது. பிரிட்டனில், மாற்றியமைக்கப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள நெடுங்காலம் ஒரு புள்ளிமுறை கையாளப்பட்டது. சேசிஸுக்கு 5 புள்ளிகள். சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பெட்டி, ஸ்டீயரிங் ஆகியவை ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1 மட்டுமே. எட்டுப் புள்ளிகள் இருந்தால் அது அதே வண்டி. எஞ்சின் மாறுவது வண்டியின் வாழ்வில் இயல்பு என்பதை அக்கணக்கு ஏற்றுக்கொண்டிருந்தது. பழமைவாய்ந்த வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-13இல் ஏற்ற டூரின் சாசனமும், ஒரு வண்டியை அது பிறந்த நாளின் தோற்றத்துக்கே மீட்டாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. அது வாழ்ந்த காலத்தின் சுவடுகளுக்கும் மதிப்பளிக்கிறது. கட்டடங்களின் பாதுகாப்பில் இச்சிந்தனை 1964இன் வெனிஸ் சாசனத்திலேயே வந்துவிட்டது. பல நூற்றாண்டுகளில் கூட்டிக் கட்டப்பட்ட நம் கோயில்களில், முதலில் கட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இடித்துவிட வேண்டுமென்று எந்தத் தொல்லியலாளரும் சொல்லமாட்டார். ஜீப்புக்கு மட்டும் நாம் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

கோவையில் ஜி.டி. நாயுடு பெயரோடு இணைந்த கார் காட்சியகத்தைப் பார்த்தவர்கள் பலர் இப்பதிவைப் படிக்கக்கூடும். நானும் மகிழ்ந்து பார்த்தவன்தான். அத்தகைய காட்சியகங்கள் வேண்டும். பளபளக்கும் கார்களும் வேண்டும். அவற்றோடு வேறொரு வகை மரபும் உண்டு என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நடைமுறைக்கேற்ற மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பழமைச்சிறப்பு விதியில் ‘உழைப்பு வாகனம்’ என்றொரு இரண்டாம் பிரிவு வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ் மாறாமல், ஆர்.சி. புத்தகத்தில் முறையாகப் பதிந்த மாற்றங்களோடு இருக்கும் வண்டி, அம்மாற்றங்களுடனேயே அத்தகுதியைப் பெறலாம். குறிப்பிட்ட வட்டாரத்துக்குள், குறிப்பிட்ட வேகத்தில், ஆண்டுச் சோதனையோடு ஓடவும் அனுமதிக்கலாம். இத்தகைய வண்டிகள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. அவற்றின் புகையால் வானம் இருண்டுவிடாது.

இரண்டு, பட்டறைகளில் வேலை செய்தே தேர்ந்தவர்களுக்கு முன்னறிவை ஏற்றுச் சான்றளிக்கும் திட்டம் மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. அதில் பழைய வாகனச் சீரமைப்பையும் ஒரு தொழிலாகச் சேர்த்து, மேஸ்திரி போன்றவர்களை ஐ.டி.ஐ.களுக்குப் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர் என்பதால் அவருக்கு இன்று அந்த வாசல் திறக்காது.

மூன்று, இது நம் போன்ற ஆய்வாளர்களுக்கு. மூணாற்று இருப்புப்பாதை பற்றி எழுதுவோர் அதனை அமைத்த நிறுவனத்தைப் பற்றியும் அழித்த வெள்ளத்தைப் பற்றியும் எழுதுகின்றனர். நாள்தோறும் அதனைப் பழுதுபார்த்த கைகளைப் பற்றிப் பேசுவோர் அரிது. அதே தவறு ஜீப்புக்கும் நேர்ந்துவிடக் கூடாது. ஹெட் பேக்கிங், பிளாட்டினம், பட்டை, திருப்புளி எனப் பட்டறைத் தமிழில் நான் இதுவரை திரட்டியவை ஒரு குறிப்பேட்டை நிரப்பிவிட்டன. ஆங்கிலமும் தமிழும் மலையாளமும் எண்ணெய்க் கறையில் கலந்து உருவான அச்சொற்களைக் கலைச்சொல் அகராதிகளில் நான் கண்டதில்லை. அவற்றைத் தொகுப்பது நம் கடமை.

அந்தச் சேகரிப்பாளர் தம் ஜீப்பை லாரியில் ஏற்றி எடுத்துச் சென்றுவிட்டார். ‘விஏ’ எண்ணுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார். கிடைக்குமென்று நம்புகிறேன், கிடைக்கட்டும். அறுத்தெடுத்த பின்படியைக் காயலான் கடைக்குப் போடவில்லையா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அது பட்டறையின் சுவரோரம் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. நடுவில் பல ஆண்டுகள் மிதித்து இரும்பே சற்றுக் குழிந்திருந்தது.

“இருக்கட்டும் தம்பி. நல்ல இரும்பு. வேற வண்டிக்கு ஆகும்.”

உங்கள் ஊரில் இத்தகைய பட்டறை இருந்தால் அங்கே எந்த வண்டி எப்படி உயிர் பிழைத்தது என்பதைக் கீழே எழுதுங்கள். பட்டறைச் சொற்கள் தெரிந்தால் அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஊரின் பெயரைக் குறிப்பிட்டால் என் தொகுப்புக்குப் பேருதவியாக இருக்கும்.